ஓசையின்றி உயரும் அழுத்தம்

நாமக்கல் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் டயர்க் கடை இல்லாத ஊரைக் காண்பது அரிது. நெடும்பயணம் புறப்படும் லாரி ஓட்டுநர் அங்கே வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் காற்று பார்க்கிறார். அழுத்தமானியின் முள் 110 பவுண்டைத் தொட்டால் மன நிறைவோடு கிளம்புகிறார். காற்று மிகுந்தாலும் குறைந்தாலும் வழியில் என்ன நேரும் என்பதை அவர் நன்கு அறிவார்.

அந்த ஓட்டுநரின் உடலுக்குள்ளும் ஓர் அழுத்தம் இருக்கிறது. அதுதான் இரத்த அழுத்தம். அது அளவுக்கு மேல் உயர்ந்தால் பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை, காய்ச்சல் அடிப்பதில்லை, வேலை செய்யும் ஆற்றலும் குறைவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உயர்ந்தே இருந்துவிட்டு, ஒரு நாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படுகிறது. "கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டயருக்குக் காற்று பார்த்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கூட இதற்கு விடை சொல்லத் திணறலாம்.

மாணவ நண்பர்களே! உடல் தானாகச் சொல்லாத செய்தியைக் கருவிதான் சொல்ல வேண்டும். அந்தக் கருவி வேலை செய்வது முழுக்க முழுக்க இயற்பியல் விதிகளின்படியே. நீங்கள் வகுப்பில் படித்த பாய்ம அழுத்தப் பாடம் நினைவிருந்தால் போதும், அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

உயரத்தால் அழுத்தத்தைச் சொல்வது ஏன்?

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி என்பது சேலம் மாவட்டத்தில் சிறுவர்களுக்கும் தெரியும். நீர்மட்டம் உயர உயர, அடியில் உள்ள மதகின்மீது அழுத்தமும் உயர்கிறது. எனவே நீரின் உயரத்தைச் சொன்னாலே அடியில் உள்ள அழுத்தத்தைச் சொன்னதாகிவிடும்.

மருத்துவர் "120-க்கு 80" என்று எழுதுவதும் இதே முறைதான். இங்கே நீருக்குப் பதில் பாதரசம்; அடிக்குப் பதில் மில்லிமீட்டர். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தமனிக்குள் தள்ளும்போது அழுத்தம் உச்சத்தை அடைகிறது. அது 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அளவுடையது. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது அழுத்தம் 80 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. மேல் எண்ணைச் சுருக்க அழுத்தம் என்றும், கீழ் எண்ணை விரிவு அழுத்தம் என்றும் கூறுவர்.

பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே 120 மில்லிமீட்டர் பாதரசத்துக்குப் பதிலாக நீரை வைத்து அளந்தால் நீர்த்தம்பம் சுமார் 163 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். அதாவது ஓர் ஆளின் உயரம்! சிறிய, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவிக்குப் பாதரசத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தமே 760 மில்லிமீட்டர் பாதரசம். அதைவிடக் குறைவான 120 மில்லிமீட்டரைக் கொண்டு இரத்தம் எப்படி ஓடுகிறது? டயர்க் கடை அழுத்தமானியைப் போலவே இந்த அளவும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட மிகுதியை மட்டுமே குறிக்கிறது. தமனிக்குள் உள்ள மொத்த அழுத்தம் 760 உடன் 120 சேர்ந்து 880 மில்லிமீட்டர் ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், லாரி டயரின் 110 பவுண்டு என்பது சுமார் 5,700 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம்.

ஒரு வாட் எந்திரம்

டயரோடு ஒப்பிட்டால் இதயத்தின் அழுத்தம் சிறியதுதான். ஆனால் அது செய்யும் வேலை சிறியதன்று. ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். 7,200 லிட்டர் இரத்தம்.

அழுத்தத்தையும், ஒரு நொடியில் பாயும் கன அளவையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். சராசரி அழுத்தம் 93 மில்லிமீட்டர், அதாவது சுமார் 12,400 பாஸ்கல் எனக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். விடை ஏறக்குறைய ஒரு வாட் என வரும். மிகச் சிறிய மின்விளக்கின் திறன்தான்! ஆனால் இந்த எந்திரத்தை நிறுத்தி எண்ணெய் போட முடியாது. 24 மணி நேரத்தில் அது செய்யும் வேலையைக் கொண்டு ஒன்பது டன் சரக்கை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்.

ஒருவரது அழுத்தம் 160-க்கு 100 என உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி அழுத்தம் 120 ஆகிறது. அதே அளவு இரத்தத்தைத் தள்ள, இடது கீழறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கூடுதல் வேலை செய்தாக வேண்டும். இரவும் பகலும், உறக்கத்திலும் இந்தக் கூடுதல் சுமை தொடர்கிறது. சுமை தூக்குபவரின் கைத்தசை தடிப்பது போல இதயத் தசையும் தடிக்கிறது. தடித்த தசை விறைத்துப் போகிறது; எளிதில் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள இயலாமல் நாளடைவில் தளர்ந்துவிடுகிறது.

குதிரையிலிருந்து கைப்பட்டை வரை

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாக இணைத்தார். இரத்தம் குழாயில் ஏறி, இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்று மேலும் கீழும் ஆடியது. இந்த ஆய்வை 1733-ஆம் ஆண்டு அவர் நூலாக வெளியிட்டார். அந்த உயரத்தைப் பாதரச அளவுக்கு மாற்றினால் 196 மில்லிமீட்டர் வருகிறது. அஞ்சி நடுங்கும் குதிரைக்கு இது பொருத்தமான அளவுதான்!

தமனியை வெட்டி அளக்கும் இம்முறையை நோயாளிகளிடம் கையாள முடியுமா? பிரெஞ்சு அறிஞர் புவாசெய் 1828-இல் நீண்ட குழாய்க்குப் பதில் பாதரச அழுத்தமானியைப் பயன்படுத்தினார். ஆயினும் தமனியைத் திறந்தாக வேண்டும் என்ற நிலை மாறவில்லை. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி புதுவழி கண்டார். ரப்பர்ப் பை கொண்ட பட்டையை மேல்கையில் சுற்றிக் காற்றை ஏற்றினார். முதலில் அவர் இதற்குப் பயன்படுத்தியது சைக்கிள் டியூபின் ரப்பரைத்தான். வெளியிலிருந்து அழுத்தும் காற்று, உள்ளிருந்து தள்ளும் இரத்தத்தை வென்றதும் மணிக்கட்டில் நாடி மறைந்தது. அந்தக் கணத்தில் பாதரசம் காட்டிய உயரமே சுருக்க அழுத்தம். ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஆனால் இம்முறையில் மேல் எண் மட்டுமே கிடைத்தது.

கீழ் எண்ணைத் தந்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ். 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் படித்த ஆய்வுக் குறிப்பு ஒரு பக்கத்துக்கும் குறைவானது. பட்டைக்குக் கீழே, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

என்ன கேட்கும்? தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பாக ஓடும்போது நீர் ஓசையின்றி ஓடுகிறது. குழாயை முற்றிலும் நெரித்துவிட்டால் ஓட்டமும் இல்லை, ஓசையும் இல்லை. பாதியாக நெரித்தால் மட்டும் 'சர்' என்று ஒலி எழுகிறது. குறுகிய வழியில் நீர் விரைந்து பாய்ந்து கொந்தளிப்பதே காரணம். தமனியிலும் இதுவே நடக்கிறது. பட்டையின் அழுத்தம் மிகுந்திருக்கும்போது தமனி மூடியிருக்கிறது, ஓசை இல்லை. காற்றை மெல்ல வெளியேற்றினால், ஒரு நிலையில் இரத்தம் துடிப்புக்கு ஒருமுறை மட்டும் பீறிட்டு நுழைகிறது; 'டப், டப்' என்ற ஒலி கேட்கிறது. அப்போதுள்ள அளவே மேல் எண். மேலும் காற்றை இறக்கினால் தமனி முழுதும் திறந்துகொள்கிறது, ஒலி மறைகிறது. அதுவே கீழ் எண்.

பாதரசம் நச்சுப் பொருள் என்பதால், 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் உலகெங்கும் பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் இடத்துக்கு வந்துள்ள மின்னணுக் கருவிகள் ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்று ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் நுண்ணியதாக அதிர்கிறது அல்லவா? அந்த அதிர்வு எந்த அழுத்தத்தில் மிகப் பெரிதாக இருக்கிறது என்பதைக் கண்டு, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிட்டுத் தருகின்றன. அளவு மட்டும் இன்றும் "மில்லிமீட்டர் பாதரசம்" என்றே சொல்லப்படுகிறது.

நான்காம் அடுக்கின் கொடுமை

அழுத்தம் மிகுந்தால் தமனியின் உட்சுவர் மெல்லச் சிதைகிறது. சிதைந்த இடத்தில் கொழுப்பு படிகிறது, சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. வழி குறுகுவதன் விளைவைப் புவாசெய் கண்ட விதியே நமக்கு விளக்குகிறது. குழாயின் வழியே பாயும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி.

ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் எவரும் எண்ணுவர். விதியின்படி பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கும்! ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, 0.8-இன் நான்காம் அடுக்கு 0.41 ஆகும், ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இரத்தம் துடித்துத் துடித்து ஓடுவதாலும், தமனி நெகிழக்கூடியது என்பதாலும் உடலில் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் சிறு குறுக்கமும் பெரும் இழப்பைத் தரும் என்பது உண்மை.

இதயத் தசைக்கே இரத்தம் தரும் தமனிகள் சில மில்லிமீட்டர் விட்டமே உடையவை. அங்கே படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்தால் மாரடைப்பு உண்டாகிறது. மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் விழித்திரையின் மெல்லிய குழாய்களும் இதே அழுத்தத்தால் கெடுகின்றன.

சாமனப்பள்ளியில் தொடங்கிய பணி

மேல் எண் 140 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலோ வெவ்வேறு நாட்களில் அளந்தும் தொடர்ந்து இருந்தால், அதை உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 130 கோடிப் பேருக்கு இது உள்ளது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கு உயர் அழுத்தம் இருப்பது தெரிய வந்தது. அவர்களிலும் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தாம்!

கருவி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் பணமும் கேட்பதில்லை. பின் ஏன் இந்த நிலை? வலி இல்லாதவர் மருத்துவமனைக்குப் போவதில்லை. தறியை நிறுத்தினால், கோழிப் பண்ணை வேலைக்கோ சவ்வரிசி ஆலைக்கோ போகாவிட்டால், அன்றைய கூலி போய்விடும். மாத்திரை தொடங்கியவரும் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார். உடம்பு நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையே காரணம் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோயாளி மருத்துவமனைக்கு வராவிட்டால், மருத்துவம் அவர் வீட்டுக்குச் செல்லட்டும் என்ற எண்ணத்தில் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தை 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் சிற்றூர். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்கள் யாவும் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதிகளே. ஆகவே இது நம் வட்டாரத்தில் விதைக்கப்பட்ட விதை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இத்திட்டத்தின்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

எப்படி அமர்வது, எப்படி அளப்பது?

செவிலியர் பயிற்சிக்கும் மருத்துவக் கல்விக்கும் செல்ல விரும்பும் மாணவர்கள் இப்பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும். கருவி சரியாக இருந்தாலும் அளக்கும் முறை தவறினால் விடை தவறும்.

கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. இரத்தமும் ஒரு திரவத்தம்பமே. கை இதயத்தைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் அளவு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் உயரும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 8 மில்லிமீட்டர். உண்மையில் 134 உடையவருக்கு 142 என்று காட்டி, வீணாக நோயாளி ஆக்கிவிடும். கையை அதே அளவு உயர்த்தி வைத்தாலோ, 142 உடையவரை 134 என்று காட்டி, நோயை மறைத்துவிடும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக உயரும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறையேனும் அளந்து சராசரி காண்பது நல்லது. ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை வைத்து ஒரே ஒருமுறை அளந்துவிட்டு விடை எழுதினால் ஆசிரியர் ஒப்புவாரா? அதே விதிதான் இங்கும்!

நீங்களே செய்து பாருங்கள்

ஆய்வு 1: ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டத்தின் நீளம் 17 சென்டிமீட்டராக இருந்தால், அது நிமிடத்துக்கு 72 முழு அலைவுகள் ஆடும். உங்கள் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, ஊசலும் நாடியும் ஒன்றாகத் துடிக்கும்படி நூலின் நீளத்தை நண்பரைக் கொண்டு மாற்றுங்கள். நூலின் நீளத்திலிருந்து உங்கள் நாடித் துடிப்பைக் கணக்கிட்டுவிடலாம். கடிகாரத்தில் நொடி முள் வராத காலத்தில், இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ இவ்வாறுதான் நாடியை அளந்தார். படிக்கட்டில் ஏறி இறங்கிய பின் நீளம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

ஆய்வு 2: கையைக் கீழே தொங்கவிட்டால் புறங்கையில் சிரைகள் புடைத்து நிற்கும். கையை மெல்ல உயர்த்துங்கள். இதயத்தின் மட்டத்தைத் தாண்டியதும் அவை அமுங்கி மறையும். உயரத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை உங்கள் கையே காட்டிவிடுகிறது.

முன்னரே காப்பது எப்படி?

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தத்தில் உப்பு மிகுந்தால் உடல் நீரைத் தேக்கி வைக்கிறது, குழாயில் பாயும் அளவு கூடுகிறது, அழுத்தம் உயர்கிறது. குழம்பில் போடும் உப்பை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், நாம் விரும்பி உண்ணும் சேலத்துத் தட்டு வடை செட் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. எப்போதாவது உண்பதில் தவறில்லை. நாள்தோறும் உண்பதில்தான் வினை.

"நாமக்கல் முட்டை இதயத்துக்குக் கெடுதலா, சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது. ஆனால் நம் இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. அதை மிகுதியாக உயர்த்துவது மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயும், வனஸ்பதியும், கெட்டிக் கொழுப்புகளுமே. உடல்நலமுள்ளவர் நாளுக்கு ஒரு முட்டை உண்ணலாம். சர்க்கரை நோய், இதய நோய் உடையவர்கள் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

புகையிலை தமனியின் உட்சுவருக்கு நேரடிப் பகை. புகைப்பதை விட்டவருக்கு ஓராண்டுக்குள் இதய நோயின் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நாளும் அரை மணி நேர விரைவு நடை, உடல் எடையில் கட்டுப்பாடு, போதிய உறக்கம் ஆகியவை அழுத்தத்தைக் குறைக்கும். மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காலம் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. அடைபட்ட தமனிக்கு அப்பால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே தேதிக்கும் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் கட்டம் போடுங்கள். சுகாதாரத் தன்னார்வலர் வரும்போதோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோ கட்டங்களை நிரப்புங்கள். அளக்கும்போது அப்பாவின் கை இதயத்தின் மட்டத்தில் இருக்கிறதா, பாட்டி பேசாமல் இருக்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். 140-ஐயோ 90-ஐயோ எட்டிய கட்டம் ஏதேனும் இருந்தால் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.